கிழக்குப் பக்கத்து விளக்கு

ரத்மியின் அம்மாவுக்கு,

நான் நலம். கடல் தாண்டி வேலைக்குப் போன ஜோகூரில் நீயும் நலமாக இருக்க வேண்டும். உன்னை எப்படி விளிப்பது என்று யோசித்தே இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். 'அன்புள்ள வார்தினி' என்று எழுதினால், போன மாதம் மத அலுவலகத்தில் நான் கையெழுத்துப் போட்ட விவாகரத்துக் காகிதம் முறைக்கிறது. 'திருமதி' என்று எழுதினால் எனக்கே சிரிப்பு வருகிறது. ரத்மியின் அம்மா என்பதை மட்டும் எந்த முத்திரையாலும் அழிக்க முடியாது. ஆகவே அது.

முதலில் வீட்டுச் செய்தி. நம் வீடு போய்விட்டது. பயப்படாதே, எரிந்து போகவில்லை. நடந்து போனது.

பங்கு பிரித்த கதை தர்முஜி உனக்கு எழுதியிருப்பான். ஆனால் உன் தம்பிக்குச் சுவையாக எழுத வராது. ஊர் வழக்கப்படி, கொண்டுவந்தது கொண்டுவந்தவருக்கு, சேர்ந்து சம்பாதித்தது பாதிப் பாதி. மனை உன் அப்பா வழி வந்தது, அதை நீ தம்பிக்குக் கொடுத்துவிட்டாய். தேக்குத் தூணும் விட்டமும் என் அப்பா கொடுத்தவை, ஆகவே எனக்கு. ஓடைக்கரை வயலில் மேல் பாத்திகள் உனக்கு, கீழ்ப் பாத்திகள் எனக்கு. ஊர் எழுத்தர் பட்டியல் போட்டுக்கொண்டே வந்தவர், அடுப்படியில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழியைப் பார்த்துப் பேனாவை நிறுத்திவிட்டு என் பக்கம் கையைக் காட்டினார். "கோழி ஜுமாரியோடது, சரி. முட்டை ரெண்டு பேரும் சேந்து சம்பாதிச்சதா?" என்றார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கசினெம் அக்கா, "சேவல் என்னோடதுய்யா, எனக்கும் ஒரு பங்கு எழுதுங்க!" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். கல்யாணங்களில் மைக் பிடித்துக் கோமாளித்தனம் பண்ணுகிறவன், என் வீட்டு விசேஷத்தில் சிரிக்காமல் இருந்தால் தொழிலுக்கே இழுக்கு.

வீட்டைத் தூக்கிப் போக, வியாழனும் ஐந்து நாள் சந்தைக் கணக்கில் லெகியும் சேரும் நாளாகப் பார்த்துக் கொடுத்தார்கள். அரிசிக் கஞ்சியைச் சிவப்பாகக் கொஞ்சம், வெள்ளையாகக் கொஞ்சம் காய்ச்சி வைத்து ஓதினோம். ஓட்டை இறக்கி, மூங்கில் தட்டிகளைக் கழற்றியதும் வீடு எலும்பும் தோலுமாக நின்றது. நீ போன பிறகு என்னைப் பார்த்தவர்களுக்கு அது புதுக் காட்சி இல்லை. சட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக மூங்கில் கட்டி, நாற்பது பேர் தோள் கொடுத்தார்கள். தூண்கள் அடிக்கல்லைவிட்டு எழும்பியபோது ஒரு சத்தம் வந்தது. பல் பிடுங்கும்போது காதுக்குள் கேட்குமே, அது.

வீட்டுக்காரன் சுமக்கக் கூடாது என்று என்னை நடுவில் விட்டார்கள். மேலே கூரை இல்லை, பக்கத்தில் சுவர் இல்லை, ஆனாலும் நான் என் வீட்டுக்குள்தான் நடந்து போனேன். படுக்கை இருந்த இடமும் நீ தலை வாரும் மூலையும் என்கூடவே தெருவில் வந்தன. முகட்டில் கசினெம் அக்காவின் சேவல், இறங்கவே மாட்டேன் என்று அரசன்போல உட்கார்ந்திருந்தது.

தொழுகைக்கூடத்து வளைவில் ஹாஜி முஸ்லியின் பலாக்கிளை குறுக்கே நின்றது. கிளையை வெட்டலாமா என்று கேட்டதற்கு ஹாஜி, "நாலு பிஞ்சு நிக்குது. வீட்டை வேணா குனியச் சொல்லுங்கப்பா" என்றார். குனிந்தது, வார்தினி! நாற்பது பேரும் முட்டியை மடித்து வாத்துபோல நகர, நம் வீடு பலாவுக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு போனது. நீ பார்த்திருக்க வேண்டும். இதைச் சொன்னால் நீ எந்த இடத்தில் சிரிப்பாய் என்று எனக்குத் தெரியும். அந்த இடம் வரும்போது வாய்விட்டுச் சொல்லக்கூடப் போனேன். கூட இருந்தது முகட்டில் அந்தச் சேவல்தான்.

இப்போது வீடு தெற்குமேட்டில், என் அப்பாவின் துண்டு நிலத்தில் நிற்கிறது. ஒழுகவில்லை. நான் சமைத்துச் சாப்பிடுகிறேன். சோயாத் தெம்பேத் துண்டு பொரித்தால் ஒரு பக்கம் கரிகிறது, மறுபக்கம் வேகவில்லை, நடுவில் பார்த்துக் கடித்துக்கொள்கிறேன். உனக்கு அங்கே ஒரு துணை இருப்பதாகக் கசினெம் அக்கா சொன்னாள். யார் சொன்னது என்று கேட்டால் காற்று சொன்னது என்கிறாள். காற்றிடம் எனக்குக் கோபமில்லை.

இனி, இந்தக் கடிதம் எதற்காக என்று சொல்கிறேன்.

அடிக்கற்களை எடுத்துவர மறுநாள் பழைய மனைக்குப் போனேன். தர்முஜி கல்வீடு கட்டக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தான். வாசல் இருந்த இடத்துக்குக் கிழக்கே செங்கல்லால் ஒரு சின்ன வட்டம் கட்டி மல்லிகை நட்டிருக்கிறான். "அக்கா பொண்ணோட நஞ்சுக்கொடி பொதைச்ச எடம், அத்தான்..." என்று ஆரம்பித்தவன், காகிதம் நினைவுக்கு வந்து, "...அண்ணே, உசிரு போனாலும் அதைத் தொடமாட்டேன். அதுக்காகத்தான் கழிவறைக் குழிய மேற்கால தள்ளிட்டேன்" என்றான். நல்ல பையன். கையிலிருந்த கல்லை நான் என் கால்மேலேயே போட்டுக்கொண்டேன். நகம் இன்னும் கறுப்பாக இருக்கிறது.

உனக்கு ஏன் என்று தெரியும். உலகத்தில் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

ரத்மி பிறந்த அன்று காலை மருத்துவச்சி நஞ்சுக்கொடிப் பானையைக் கையில் கொடுத்ததும், கல்யாண மாப்பிள்ளைபோலப் புது வேட்டி கட்டி, பானையை இடுப்புத் துணியில் ஏந்தி, குடை பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். நன்றாகப் படிக்க வேண்டும் என்று பானைக்குள் காகிதமும் பென்சிலும் வைத்திருந்தேன். ஊசி, நூல், உப்பு, எதையும் மறக்கவில்லை. பெண் குழந்தைக்கு வாசலின் இடப்பக்கம். வீட்டுக்குள்ளிருந்து வெளியே பார்த்தால் இடம், அதாவது கிழக்கு. நானோ முற்றத்தில் நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டு இடப்பக்கம் தோண்டினேன். மேற்கு! ஆண் பிள்ளை பக்கம். மண்ணைச் சமப்படுத்திவிட்டு நிமிர்ந்தபோது உன் அம்மா வந்து, "கிழக்காலதானே வச்சீங்க மாப்ளே?" என்றார். ஊரையே பேச்சால் மடக்குகிற வாய், "ஆமாங்கத்தே" என்று மட்டும் சொன்னது. தட்டியின் இடுக்கு வழியாக நீ எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தாய். பிரசவித்த உடம்போடு தலையணையைக் கடித்துக்கொண்டு நீ சிரித்த சிரிப்பில், மருத்துவச்சி உன்னை அதட்டினாள்.

புதைத்த இடத்துக்கென்று வழக்கப்படி உன் அம்மா ஏற்றிய விளக்கு, முப்பத்தைந்து நாளும் கிழக்கில் வெறும் மண்ணுக்கு எரிந்தது. நீ மட்டும் தினமும் எண்ணெய் ஊற்றும் சாக்கில் அதை ஒரு விரற்கடை மேற்கே நகர்த்தி வைத்தாய். கடைசி நாளில் விளக்கு வாசலுக்கு நேர் நடுவில் இருந்தது. "வெளிச்சம் கொஞ்சம் சாஞ்சு போய்ச் சேரட்டும்" என்றாய்.

தர்முஜியிடம் சொல்லிப் பார்த்தேன். "நஞ்சுக்கொடி மேற்கால இருக்கு, மாத்திப் பொதைச்சிட்டேன்" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கல்யாண மைக்குன்னு நெனச்சீங்களா அண்ணே? அம்மாவே விளக்கேத்தின எடம் அது" என்றான். இருபது வருஷமாக ஊரைச் சிரிக்கவைத்ததற்கு எனக்குக் கிடைத்த சம்பளம் இது. உண்மையைச் சொன்னாலும் கைதட்டுகிறார்கள். மண்வெட்டியோடு ஒரு நாள் நானே போனேன். புதைத்ததைத் தோண்ட ஆகாது. அதோடு, அந்த மண்ணும் இப்போது என்னுடையது இல்லை. வேலியோடு திரும்பிவிட்டேன்.

அடுத்த புதன்கிழமைக்கு அடுத்த புதன் கழிவறைக் குழி தோண்டுகிறார்கள். நீ உன் கையால் தம்பிக்கு நாலு வரி எழுதினால் போதும். உன் எழுத்தை அவன் நம்புவான். மேற்கே என்று மட்டும் எழுது. தப்பு என்னுடையது என்றே எழுதிக்கொள். ஊர் பேசும், தெரியும். 'இடமாறிப் பொதைச்சான், அதனாலதான் அஞ்சு வயசுல புள்ள போச்சு' என்று கசினெம் அக்கா வேலிக்கு வேலி சொல்வாள். சொல்லட்டும். ஆறு வருஷமாக என் காதுக்குள் நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னொரு குரல் சேர்ந்தால் என்ன?

கொசுக்காய்ச்சல் என்றார் மருத்துவர். கொசுவுக்குக் கிழக்கு மேற்கு உண்டா என்று எனக்கும் புரிகிறது. பகலில் புரிகிறது. அதற்குப் பிறகும் நீ ஜோகூரிலிருந்து ஊருக்கு வராமலே இருந்துவிட்டாய். அவள் காய்ச்சலில் கிடந்த அந்த மூன்று நாள் பக்கத்தில் இல்லையே என்று நீ உன்னை நொந்துகொள்கிறாயா, அல்லது நான் பக்கம் மாற்றித் தோண்டிய அந்தக் குழியை நினைத்து என்னையா? அதைக் கேட்க முடியாமல்தான் ஆறு வருஷமாக மற்றதையெல்லாம் எழுதினேன். பதில் வேண்டாம். தம்பிக்கு மட்டும் எழுது.

ஒன்று சொல்கிறேன், நீ கேட்டதில்லை. கடைசி நாள் அவள் உன்னைத் தேடி அழவில்லை. நான் மருத்துவச்சியைப்போல நடித்துக் காட்டினேன். சிரித்தாள். சிரிக்கும்போது உன்னைப்போலவே தலையணையைக் கடித்தாள்.

எழுத்தரின் பட்டியலில் எல்லாம் பிரிந்துவிட்டது. அந்தப் பானையை யாரும் எழுதவில்லை. எழுதாமலே இருக்கட்டும்.

அங்கே மழைக்காலம் என்கிறார்கள். ஈரத் தலையோடு தூங்காதே. நீ எங்கே படுத்திருந்தாலும், உன் பக்கமாக ஒரு விளக்கை யாராவது தினமும் ஒரு விரற்கடை நகர்த்தி வைக்கட்டும். கடவுள் உன்னைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
ரத்மியின் அப்பா