ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் கிருபாராணி

அனுப்புநர்:
ஞா. எபினேசர் (வயது 56),
மாலை நேர ஆங்கிலப் பயிற்றுநர்,
பாகலூர் சாலை, ஒசூர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
பொறுப்பு அலுவலர் அவர்கள்,
தொழிலாளர் மாலைப் பயிற்சி மையம்,
ஒசூர்.

பொருள்: மாலை நேர ஆங்கில வகுப்புகள் – கீழ்த்தளப் பயிற்றுநர் திரு. டெல்வின் மீது புகார் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் மையத்தின் மாடி ஹாலில் பதினோரு ஆண்டுகளாக, மாலை ஏழு மணி முதல் எட்டரை வரை, ஆலைத் தொழிலாளர்களுக்கு முறையான ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். அதற்கு முன் பர்கூரில் ஒரு கிரானைட் ஏற்றுமதி நிறுவனத்தில் பத்தொன்பது ஆண்டுகள் கடிதங்கள் எழுதும் வேலையில் இருந்தேன். கல்லில் வெடிப்பு என்று வெளிநாட்டு வியாபாரி சண்டைக்கு வந்தாலும் என் ஒரே கடிதத்தில் அடங்கிப்போவார். விடுப்புக் கடிதமும் விளக்கக் கடிதமும் எழுதத் தெரியாமல் மெமோ வாங்கித் தலைகுனிந்து நின்ற எத்தனையோ பேரை நிமிர வைத்தது என் வகுப்பு. தற்பெருமை என்று எண்ண வேண்டாம். வேறு யாரும் சொல்வதில்லை என்பதால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

2. இவ்வாண்டு ஜூன் மாதம் கீழ்த்தள அறையில் திரு. டெல்வின் (வயது 31) பேச்சு ஆங்கில வகுப்பைத் தொடங்கினார். நான்கு ஆண்டுகள் பெங்களூரில் ஒரு கால் சென்டருக்குப் பஸ் ஏறிப் போய் வந்தவர் என்பதைத் தவிர அவருக்கு வேறு தகுதி இருப்பதாகத் தெரியவில்லை. டி-சர்ட்டில் வகுப்புக்கு வருகிறார். தம்மை 'சார்' என்று அழைக்கக் கூடாது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்கிறார். ஐம்பது வயது வெல்டர் ஒருவர் கூச்சமில்லாமல் அப்படியே கூப்பிடுகிறார். அறையின் இரு மூலைகளில் இருவரை நிறுத்தி, செல்போனில் ஒருவரோடொருவர் பேச வைக்கிறார். தப்பும் தவறுமாகப் பேசினாலும் கைதட்டச் சொல்கிறார். இதற்குப் பெயர் பாடமா என்பதைத் தாங்களே முடிவு செய்ய வேண்டும்.

3. இதன் விளைவுக்கு ஒரு சான்று. கீழ் வகுப்பில் படிக்கும் சுவேதா என்பவர் தம் மேலாளருக்கு, 'ஹாய் சார், டுமாரோ நாட் கமிங், ஓகே, பை' என்று விடுப்பு மெயில் அனுப்பி மெமோ வாங்கினார். விளக்கக் கடிதத்துக்கு என்னிடம்தான் மாடியேறி வந்தார். எழுதிக் கொடுத்தேன். மெமோ ரத்தானது. அன்று எனக்குச் சாப்பாடு இரண்டு கவளம் கூடுதலாகவே இறங்கியது. அவரை என்னிடம் அனுப்பி வைத்ததே டெல்வின்தான் என்று பிறகு தெரிந்தது. அதற்காக நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை.

4. என் மாணவர் விஜயகுமார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனையில் இருப்பவர். லாரியில் ஏற்றிய பெட்டியில் கீறல் விழுந்த பாகங்கள் இருப்பதைக் கண்டு, தமிழ் தெரியாத பொறியாளரிடம் ஓடியிருக்கிறார். நான் சொல்லிக் கொடுத்தபடியே, 'வித் டியூ ரெஸ்பெக்ட், ஐ விஷ் டு பிரிங் டு யுவர் கைண்ட் நோட்டீஸ்' என்று ஆரம்பித்திருக்கிறார். அவர் விஷயத்துக்கு வருவதற்குள் லாரி கேட்டைத் தாண்டிவிட்டது. மறுநாளே அவர் கீழ் வகுப்பில் சேர்ந்துவிட்டார். 'ஸ்டாப் த லாரி' என்று கத்தினால் போதாதா என்று டெல்வின் கேட்டு, நடந்ததை அவரையே நடித்துக் காட்டச் சொன்னாராம். அன்று கீழே எழுந்த சிரிப்பு மாடிவரை கேட்டது. அதில் ஒரு சிரிப்பு என் மனைவி திருமதி கிருபாராணியுடையது. இருபத்து மூன்று ஆண்டுகளாக நான் அறிந்த சிரிப்பு அது. சமீபத்தில் வீட்டில் அதைக் கேட்டதில்லை.

5. என் மனைவி செல்போன் பாகங்கள் செய்யும் ஆலையில் அசெம்பிளி லைனில் வேலை பார்க்கிறார். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பதினோரு ஆண்டுகளாக என் வகுப்புக்கு ஃபிளாஸ்கில் டீ கொண்டுவந்தாரே தவிர, ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. ஜூலையிலிருந்து கீழே முதல் வரிசையில் உட்காருகிறார். பாத்திரம் கழுவிக்கொண்டே 'நோ ஒர்ரீஸ்' என்கிறார். சோறு போடும்போதும் டெல்வின் இப்படிச் சொன்னார், டெல்வின் அப்படிச் சொன்னார் என்று அதே பேச்சு. எனக்கு வயிறு எரிகிறது, ஐயா. இருபத்தாறு பேர் இருந்த என் வகுப்பில் இன்று பன்னிரண்டு பேர்தான். அதற்கும் குறைந்தால் வகுப்பு மூடப்படும் என்பது மையத்தின் விதி. டெல்வினின் வருகைப் பதிவேட்டில் பொய்ப் பெயர்கள் இருக்கக்கூடும், சோதித்துப் பாருங்கள் என்று கடந்த 10ஆம் தேதி தங்களிடம் நேரில் கேட்டுக்கொண்டேன். அதையே எழுத்திலும் வேண்டுகிறேன்.

6. மேற்கண்ட ஐந்து பத்திகளும் ஞாயிற்றுக்கிழமை எழுதியவை. இனி வருவதை இன்று, புதன்கிழமை எழுதுகிறேன். என் பேச்சைக் கேட்டுத் தாங்கள் சோதனை செய்தீர்கள். ஆனால் அவருடைய பதிவேட்டோடு என்னுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பீர்கள் என்று நான் எண்ணவில்லை. ஒரே நாளில் ஒரே மணிக்கு மாடியிலும் கீழேயும் கிருபாராணி வந்திருந்ததாக இருக்கிறது என்று சொல்லி, விதிப்படி அவருடைய பேச்சு ஆங்கிலச் சான்றிதழை நிறுத்தி வைத்திருப்பதாகத் திங்களன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினீர்கள். அவருக்கு ஆலையில் லைன் லீடர் பதவி வந்திருக்கிறது. நேர்காணலில் தேறிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் அந்தச் சான்றிதழைக் கொடுக்காவிட்டால் பதவி வேறொருவருக்குப் போய்விடும்.

7. டெல்வினின் பதிவேடு சரியானது. பொய் என்னுடையது. உண்மையில் வரும் ஐந்து பேரைப் பன்னிரண்டாகக் காட்ட, ஏழு பெயர்களுக்கு நேரே வந்ததாக நான் குறித்தேன். ஆறு பேர் வேலையை விட்டு ஊரைப் பார்த்துப் போனவர்கள். ஏழாவது பெயர் என் மனைவி. ஜூலை 7 முதல் முப்பத்தொரு நாட்கள். ஆள் கணக்கு மட்டும் காரணமென்றால் போன மாணவர் ஒருவரின் பெயரையே ஏழாவதாகவும் போட்டிருப்பேன். கீழே அவள் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், மாடியில் என் எதிரே உட்கார்ந்திருந்தாள் என்று ஒரு தாளாவது சொல்லட்டும் என்று நினைத்தேன். முதல் ஐந்து பத்திகளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதியிருக்கலாம். ஏன் இப்படிச் செய்தாய் என்று தாங்கள் கேட்டால் எனக்கு அவற்றைத் தவிர வேறு பதில் இல்லை.

8. அறிவிப்பைப் பார்த்துவிட்டு வந்த அவள் என்மேல் சந்தேகப்படவில்லை. "ஆபீசுல எந்தக் கிறுக்கனோ எம் பேர மாத்தி எழுதிட்டான். நீங்கதான் நல்லா லெட்டர் எழுதுவீங்களே, ஆபீசுக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் ஒரு கடிதம் கேட்டது இதுவே முதல் தடவை.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

அ) மாடி வகுப்பின் பதிவேட்டில் கிருபாராணியின் பெயருக்கு நேரே உள்ள முப்பத்தொரு குறிகளும் என் கையால் இட்ட பொய்க் குறிகள் என்று பதிந்து, அவற்றை நீக்க வேண்டும்.

ஆ) வெள்ளிக்கிழமைக்குள் அவளுடைய சான்றிதழைக் கொடுத்துவிட வேண்டும். அவள் ஒருநாள் பாடத்தையும் தவறவிட்டவள் இல்லை. அதற்கு நானே சாட்சி, மாடியிலிருந்து தினமும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவன்.

இ) என்மேல் எடுக்கும் நடவடிக்கை எதுவானாலும் ஏற்கிறேன். மாடி ஹாலை டெல்வினுக்குக் கொடுப்பது தங்கள் விருப்பம். கொடுங்கள் என்று எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

முதல் ஷிஃப்ட் முடிந்து நாளை மூன்று மணிக்கு இம்மனுவைக் கொண்டுவந்து தங்கள் கையில் தருபவர் என் மனைவிதான். அவள் கேட்ட கடிதம் இதுவே. இதில் உள்ளதை அவளிடம் நேரில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. உறையை ஒட்டாமல் கொடுத்திருக்கிறேன். அவள் வழியில் படித்துவிட்டு அழுதபடி வந்தாலும், கோபத்தோடு வந்தாலும், உட்காரச் சொல்லி முதலில் அந்தச் சான்றிதழைக் கொடுத்துவிடுங்கள் ஐயா.

இணைப்பு: மாடி வகுப்பின் வருகைப் பதிவேடு, ஜூலை முதல் செப்டம்பர் வரை.

இடம்: ஒசூர்
நாள்: 24.09.2025

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஞா. எபினேசர்