மீன்கொத்தியின் பின்பக்கம்

அன்புள்ள அண்ணே,

பூச்சி அரித்த இலக்கணப் புத்தகத்தை வெயிலில் காயவைக்கப் பிரித்தேன். பக்கங்களுக்கு நடுவே ஒரு சிவப்புச் சீட்டு. முகர்ந்தால் இன்னும் லேசாகக் கிராம்பு மணம். உங்கள் பல்பொடிப் பொட்டலத்தின் லேபிள்! கிளையில் அமர்ந்த மீன்கொத்தி, அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் வருஷமும். பின்பக்கம் பென்சிலில் ஒரு வகுத்தல் கணக்கு.

கீழமாசி வீதியின் பின்சந்தில், உங்கள் வீட்டு முற்றத்தில் உமியைக் கருக்கி, உப்பும் கிராம்பும் சேர்த்து இடிப்பீர்கள். திருமங்கலம் சந்தைக்கு வரும் வயக்காட்டுச் சம்சாரிகளில் பலருக்கு எழுத்துத் தெரியாது. "அந்தக் குருவிப் பொடி குடுங்க" என்பார்கள். அந்தப் படந்தான் உங்கள் பெயர், முகவரி, நாணயம் எல்லாம்.

யுத்த காலத்தில் காகிதத்துக்குப் பஞ்சம். நீங்கள் அதே மீன்கொத்தியைப் போட்டு வேறு அச்சகத்தில் புது லேபிள் அடித்திருந்தீர்கள். பழைய கட்டுகள் மூலையில் கிடந்தன. "பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு. அம்புட்டையும் எடுத்துட்டுப் போங்க வாத்தியாரே, பிள்ளைக எழுதட்டும்" என்றீர்கள். இரண்டு நடை சுமந்தேன். எழுதி முடித்த சீட்டுகள் என் வீட்டு வெந்நீர் அடுப்புக்குப் போயின.

வியாபாரக் குறிகளைப் பதிவு செய்ய அப்போதுதான் புதுச் சட்டம் வந்திருந்தது. இங்கிலீஷ் பாரத்தை நிரப்பித் தரச் சொன்னீர்கள்.

"பரிட்சை முடியட்டும் அண்ணே. ஊருக்கே தெரிஞ்ச குருவிய எவன் பிடிச்சுட்டுப் போகப்போறான்?"

"பிடிக்கிறவன் உங்கள்ட்ட கேட்டுட்டா பிடிப்பான்?"

பரிட்சை முடிவதற்குள் இன்னொரு வியாபாரி அதே மீன்கொத்தியைத் தன்னுடையதென்று பதிவுக்குக் கொடுத்துவிட்டார். அவர் பொடி ஈறை எரித்தது. வசவு உங்களுக்கு வந்தது. ஒரே வகுப்பில் இரண்டு முருகேசன் இருந்தால், ஒருவன் செய்த குறும்புக்கு மற்றவன் அடிவாங்குவதுபோல.

நாம் போய்ப் பார்த்த வக்கீல் பொறுமையாகத்தான் சொன்னார்: "பதிவு பண்ணாட்டியும் முன்னாடியிருந்து புழங்குறவருக்கு உரிமை உண்டு. ஆனா எப்ப இருந்துன்னு காட்டணும். பில்லு இருக்கா?"

"சந்தையில விக்கிறவன்கிட்ட ஏதுங்க பில்லு?"

"அப்ப பழைய லேபிள் ஒண்ணு கொண்டாங்க. அச்சடிச்ச வருஷம் இருக்கும்ல, அது போதும்."

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன். வீடெல்லாம் தேடினோம், ஒன்றுகூட அகப்படவில்லை. பழைய அச்சகமோ மூடிக் கிடந்தது. சாட்சிக்கு வருவதாகச் சொன்ன கடைக்காரர்களும் எதிராளியின் சரக்கை விற்கிறவர்கள்; ஒதுங்கிக்கொண்டார்கள். குருவி அவருடையதாயிற்று.

குத்துவிளக்குப் படம் போட்ட பொட்டலத்தோடு நீங்கள் சந்தையில் உட்கார்ந்த முதல் நாள் நானும் கூட வந்திருந்தேன். "குருவிப் பொடி இல்லையாண்ணே?" என்று ஒருவர் கேட்டார். "அது வேற ஆளு போடுறாருப்பா" என்றீர்கள். திரும்பும் பஸ் திருப்பரங்குன்றத்தைத் தாண்டியது. பிறகு நீங்களாகவே சிரித்தீர்கள்: "விடுங்க வாத்தியாரே. பிள்ளைக கணக்காச்சும் போட்டுச்சுகள்ல."

அந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கூடச் சேர்ந்து சிரித்துவிட்டேன். பிறகு நீங்கள் இருந்தவரைக்கும் கேட்கவில்லை.

வக்கீல் கேட்ட அந்த ஒரு லேபிள் என் புத்தகத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது, அண்ணே. எந்தப் பையனுடைய கணக்கோ, விடை சரியாகத்தான் வந்திருக்கிறது. அதை இருந்த பக்கத்திலேயே வைத்து மூடினேன்.

இப்போதும் வெள்ளைப் பக்கமுள்ள ஒரு துண்டுக் காகிதம் கைக்கு வந்தால், முதலில் திருப்பி, அந்தப் பக்கம் யாருடையது என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.