இந்த ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடையவில்லை

என் ஸ்டீபன் அண்ணனுக்கு,

திருப்பரங்குன்றம் பட்டறையில் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நீ போனதிலிருந்து "மெக்கானிக் அசால்ட்டா இருந்துட்டான்" என்கிறார்கள். யார், நீயா? நட்டைக் கழற்றும் முன் ரெண்டு தரம் தொட்டுப் பார்க்கிற நீயா? கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உன்னைக் கொண்டுபோனது, மண் அள்ளுகிற செயின் வண்டியின் சக்கரம் மேட்டில் ஏறி எகிறும்போது சட்டத்தில் இடிக்காமல் தாங்குகிற ஸ்பிரிங் பம்பர்; நம் பட்டறையே செய்தது. ஸ்பிரிங்கை அமுக்கி, மேலே மூடி போட்டு, நாலு போல்ட்டால் பிடித்திருந்தார்கள். கழற்றினால் மூடி குண்டு மாதிரிப் பாயும். பக்கத்து ரப்பர் பம்பருக்கும் அதே மூடிதான். ஸ்பிரிங் பம்பரின் போல்ட்டில் 'கழற்றாதே' என்று சொல்ல இருந்த சிவப்புப் பூச்சு ஒன்றுதான் வித்தியாசம்.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி மஞ்சள் பெயிண்ட் அடிப்பது நம் வழக்கம். ஞாயிறு திருப்பலி தவறாத நாம்தான் அதற்கும் முதல் ஆள். நீ போன வருஷம் சிவப்புப் போல்ட் மேலும் மஞ்சளை அடித்தது நான்தான் அண்ணே. "அம்புட்டு அழகா இருக்கு பாப்பா"ன்னு சொன்னாய். சிவப்பு தெரியாததால்தான் ரப்பர் பம்பர் என்று நினைத்து அதைக் கழற்றினாய். இதை இன்றுதான் வெளியே சொல்கிறேன்.

அழுது முடித்துவிட்டேன். ஆனால் ஒரு பிரஷ் பட்டதும் காணாமல் போகிற பாதுகாப்பு என்ன பாதுகாப்பு?

"பெருசா ஸ்டிக்கர் ஒட்டிருவோம்மா" என்றார் முதலாளி. பட்டறையின் வரைபடமெல்லாம் என் பொறுப்புதானே. "அப்படின்னா வரைபடத்துல கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்றேன். முறைத்தார். நானும் முறைத்தேன். ஸ்பிரிங்கின் நடுவே ஒரு தண்டை விட்டு, அமுக்கத்தை அதுவே பிடித்துக்கொள்கிற மாதிரி புதிதாக வரைந்தேன். மூடியைக் கழற்றினாலும் ஸ்பிரிங் வெளியே வராது.

இந்த ஆயுத பூஜையன்று எல்லாரையும் கூப்பிட்டேன். மூடிக்கு நேரெதிரே திருஷ்டிப் பூசணிக்காயை வைத்தேன். நான் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று நாலு போல்ட்டையும் கழற்றினேன். மூடி என் கையோடு வந்தது. பூசணிக்காய் அசையவில்லை.

"திருஷ்டிக் காய உடைக்காம விட்டா எப்படிம்மா?" என்றார் முதலாளி.

"உடைஞ்சது போதும் சார்."

எழுமலைப் பக்கம் கண்மாய் வேலையில் பழைய பம்பரோடு இன்னும் சில வண்டிகள் ஓடுகின்றன. நாளைக் காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். கடைசிப் பம்பரை மாற்றாமல் விட மாட்டேன். அங்கே யாராவது உன்னை அசால்ட்டு என்றால், என் பெயரைச் சொல்லி என்னைத் திட்டச் சொல்வேன்.

அன்று மஞ்சள் அடித்த,
உன் தங்கை ரோசி