இரண்டு என்று விடை எழுதியவள்

தோழி,

இன்று காலை ஏழாம் வகுப்புக் கணக்குத் தாள் கட்டைப் பிரித்தேன். சணல் கயிறும் தாளும் சேர்ந்து அடிக்கும் அந்த வாசனை வந்ததும் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். நீ போய் எட்டு மாதமாகிறது. என் கழுத்துக்கு இன்னும் அது தெரியவில்லை.

கரையாம்புத்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கு நாம் மூலக்குளத்திலிருந்து ஒன்றாகத்தான் பஸ் ஏறுவோம். ஏழாம் வகுப்புக்கு நான் கணக்கு, நீ அறிவியல், வகுப்பாசிரியையும் நீதான். திருத்துவதில் நான் வேகம். நான் முழுக் கட்டையும் முடித்து டீ குடிக்கும்போது நீ ஒரே தாளை மூக்கருகே பிடித்துக்கொண்டு, இவன் எப்படி இந்த விடைக்கு வந்து சேர்ந்தான் என்று முணுமுணுப்பாய். எனக்கு எரிச்சலாக வரும்.

செல்வி ஏழாவது படித்த வருடம் காலாண்டுத் தேர்வில் ஒரு கணக்கு வைத்தேன். நாற்பத்தெட்டு அடி நீளம், இருபத்துநாலு அடி அகலம் உள்ள நிலத்தின் பரப்பளவு என்ன? செல்வி 'இரண்டு' என்று மட்டும் எழுதியிருந்தாள். ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு சதுர அடி வரவேண்டிய இடம். தாளைத் தூக்கிக் காட்டி, இது நிலமா தோசைக்கல்லா என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. மற்ற கணக்குகளிலும் வழி எழுதாமல் விடையை மட்டும் வைத்து மதிப்பெண்ணை விட்டிருந்தாள். மெல்லக் கற்போர் பட்டியலில் அவள் பெயரையும் எழுதினேன்.

நீதான் அவளைக் கூப்பிட்டு எப்படிப் போட்டாய் என்று கேட்டாய்.

"எங்கப்பா அப்டித்தான் அளப்பாரு டீச்சர். இருவத்திநாலடிக்கு இருவத்திநாலடி ஒரு குழி. இதுல ரெண்டு இருக்குது."

எனக்கு முதலில் வந்தது வீம்புதான். குழி பாடத்தில் இல்லை, பூஜ்யம் பூஜ்யம்தான் என்றேன். நீ விடவில்லை.

"சைபர் இருக்கட்டும்டி. லிஸ்ட்டுல பேரு இன்னாத்துக்கு? அவளுக்குத் தெரியாதது சதுர அடி ஒண்ணுதான். பரீட்ச வச்சதே அத நாம தெரிஞ்சிக்கத்தான்."

அன்று மாலையே பட்டியலைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்துவிட்டேன்.

மறுநாள் நீ வகுப்பை வெளியே கூட்டிப்போய், மண்ணில் ஒரு குழி அளவுக்குக் கோடு போட்டு, உள்ளே அடிக்கு அடி கட்டம் கிழித்து, ஒரு வரிசையை எண்ணிப் பெருக்கவைத்தாய். அடுத்த தேர்வில் அந்த மாதிரிக் கணக்கைச் செல்வி உட்பட ஒருவரும் தவறவிடவில்லை. ஆனாலும் பட்டியலில் பெயர் இருந்ததால் அவள் வருடம் முழுக்க மாலையில் தனி பெஞ்சில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். பெயரை எடுக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டாய். கொடுத்த பட்டியலைத் திருத்தினால் கேள்வி வரும் என்று சாக்குச் சொன்னேன். நீ சொன்னது சரி என்று கடைசிவரை சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் உன் கட்டில் அருகே உட்கார்ந்தபோதும் பஸ் தாமதமானதைப் பற்றித்தான் பேசினேன். வெட்கமாக இருக்கிறது.

இப்போது பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் அந்தப் பிள்ளைக்கு எது தெரியவில்லை என்று எழுதுகிறேன். என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியாவிட்டால் அந்தப் பிள்ளையையே கூப்பிட்டுக் கேட்கிறேன். ஒரு கட்டுத் திருத்த நாலு நாளாகிறது.

போன வாரம் வில்லியனூர் பஸ் நிறுத்தத்தில் செல்வியைப் பார்த்தேன். பதினோராம் வகுப்பு. நிலம் எத்தனை குழி வரும் என்று வாயாலேயே கணக்குப் போட்டு அப்பாவுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன குரூப் எடுத்திருக்கிறாய் என்று கேட்டேன். கணக்கு இல்லாத குரூப்பைச் சொன்னாள். ஏன் என்றேன்.

"எனக்குத்தான் கணக்கு வராதே டீச்சர். ஒங்களுக்குத் தெரியாதா?"

கோபமே இல்லாமல் சிரித்தாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். என்னிடம் படித்ததில் அவள் மறக்காமல் வைத்திருக்கும் பாடம் அது. நான் சுமப்பதும் அதைத்தான்.