மூன்றாவது பத்தி

மார்ச் 4, செவ்வாய்

தபாலில் கடிதம் வந்தது. சலவை ஆலையின் இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சமரச ஒப்பந்தம், நான்கு பக்கம். முதல் பக்கத்திலேயே தொகையைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நாங்கள் நினைத்ததைவிட அதிகம்தான். வேனை எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து இரண்டு தடவை படித்தார். "பரவாயில்லையே" என்றார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது.

மத்தியானம்தான் மூன்றாவது பத்தியைப் படித்தேன். 'இவ்விபத்து தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்தது என இருதரப்பும் ஒப்புக்கொள்கின்றன. இதுகுறித்து அவர் எவரிடமும் பேசமாட்டார்.'

கவனக்குறைவா? யாருக்கு?

மார்ச் 5, புதன்

ஆத்திரம் அடங்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன், எனக்காகவாவது.

பதினோரு வருஷம் துணி தேய்க்கும் அந்தச் சூட்டு உருளைக்குள் ஆஸ்பத்திரி விரிப்புகளைச் செலுத்தியிருக்கிறேன். உருளைக்கு முன்னால், கை போகிற உயரத்தில் ஒரு கம்பி உண்டு. கை பட்டால் மெஷின் நின்றுவிட வேண்டும். ஆனால் துணி மடிந்து பட்டாலும் நிற்கும். வேலை தாமதமாகிறது என்று சூப்பர்வைசர் அந்தக் கம்பியை அசையாதபடி ஒயரால் இறுக்கிக் கட்டிவிட்டார். சொன்னேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. "நின்னு நின்னு ஓடுனா ஆஸ்பத்திரிக்கு யாரு பதில் சொல்றது, நீயா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

செப்டம்பரில் ஒரு விரிப்பின் முடிச்சு என் விரல்களை இழுத்துக்கொண்டு போனது. கம்பியில் மணிக்கட்டு இடித்தது, நன்றாக ஞாபகம் இருக்கிறது. மெஷின் நிற்கவில்லை. யாரோ ஓடிப்போய் மெயினை அணைக்கும்வரை ஓடியது. இடது கையில் மூன்று விரல் போயிற்று. நான் கண் முழிப்பதற்குள் அறிக்கை எழுதி முடித்துவிட்டார்கள்: பக்கத்தில் இருந்தவளோடு பேசிக்கொண்டிருந்தேனாம்.

மார்ச் 7, வெள்ளி

இன்ஷூரன்ஸ் அதிகாரி வீட்டுக்கே வந்தார். மரியாதையான ஆள், டீ நன்றாக இருக்கிறது என்றார். மாதக் கடைசிவரைதான் இந்தத் தொகை, அப்புறம் தன் கையில் இல்லை என்றார். கிளம்பும்போது என் கைக்கட்டைப் பார்த்து, "நல்ல வேளைம்மா, இடது கையாப் போச்சு" என்றார்.

நல்ல வேளையாம்! வெங்காயத்தைப் பிடிச்சுக்க ஒரு கை வேணாமா? ஊக்கு மாட்ட? தலை பின்ன? ஆறு மாசமா இவர்தான் பின்னி விடுறார், வைக்கோல் கயிறு மாதிரி. அந்த ஆள் போன பிறகுதான் இதெல்லாம் நாக்கில் வருகிறது. இருக்கும்போது வாயை மூடிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

இவரோடு பேச்சில்லை.

மார்ச் 9, ஞாயிறு

எதற்குச் சண்டை என்றால் அந்தப் பத்திக்குத்தான். "ஒரு வரிதானே, அதை யாரு படிக்கப்போறா?" என்றார். "நான் படிச்சேனே" என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. நான் வீட்டோடு ஆன பிறகு காலையில் பள்ளிக்கூட வேன், சாயங்காலம் சரக்கு லோடு என்று ஓட்டுகிறார். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். அவர் சொல்வதில் தப்பில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 12, புதன்

வக்கீலம்மாவைப் பார்த்தேன். பூசி மெழுகாமல் பேசினார். வழக்கு என்று போனால் இரண்டு வருஷம் ஆகலாம். அறிக்கை எனக்கு எதிராக இருக்கிறது. "கம்பியைக் கட்டியிருந்ததுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?"

இல்லை. பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை வேண்டும்.

பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். போட்டுத் தொலைக்கிறேன் கையெழுத்தை.

மார்ச் 15, சனி

என் உருளையில் இப்போது நிற்கிற பெண் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். இருபத்து மூன்று வயது இருக்கும். கொஞ்ச நேரம் போனபின் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க பேச்சு சுவாரசியத்துல கையை விட்டுட்டீங்கன்னு சொல்லித்தான் எங்களுக்கு டிரெய்னிங்கே குடுக்கிறாங்க. நிஜமா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கம்பியை அவிழ்த்துவிட்டார்களா என்று மட்டும் கேட்டேன்.

"எந்தக் கம்பி? அந்த ஒயர் சுத்தியிருக்கே, அதுவா? அது மெஷினோட சேர்ந்ததுன்னு நினைச்சேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்று விடவில்லை. கைக்கட்டை அவிழ்த்தும் காட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு தன் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அவள் போன பிறகு இவர் சமையலறையிலிருந்து வந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருந்தா, அந்தப் பொண்ணுகிட்ட இதைச் சொல்லியிருக்க முடியாது, இல்ல?"

"முடியாது."

கடிதத்தை எடுத்து மடித்து அலமாரிக்கு மேல் வைத்தார்.

மார்ச் 16, ஞாயிறு

எழுத்தில் இருக்கிறது! எப்படி மறந்தேன்? போன வருஷ டைரி நோட்டு. ஜூலை 9: 'இன்றும் கம்பியை அவிழ்க்கச் சொன்னேன். எல்லார் முன்னாலும் கத்தினார்.' ஆகஸ்டில் இன்னொரு தடவை எழுதியிருக்கிறேன்.

ஆனால் அதே ஜூலைப் பக்கத்தில், அதற்குக் கீழே: 'இந்த மனுஷனை எதற்குக் கட்டிக்கொண்டேன் என்று இருக்கிறது.'

மார்ச் 18, செவ்வாய்

வக்கீலம்மா இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்துக்கொண்டார். கீழ்ப்பாதியையும் படித்துவிட்டு, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். சூப்பர்வைசர் சாப்பிடப் போன நேரத்தில் அந்தப் பெண் ஒயரைப் போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். நான் கேட்கவில்லை, அவளாகவே. இரண்டையும் சேர்த்துத் தொழிற்சாலை ஆய்வு அலுவலகத்துக்கும் இன்ஷூரன்ஸுக்கும் அனுப்பியாகிவிட்டது. படம் யார் எடுத்தது என்று மட்டும் எங்கேயும் எழுதவில்லை.

இவரும் அந்தப் பக்கத்தைப் படித்தார். "ஜூலை ஒம்பதாம் தேதி நான் என்ன பண்ணேன்?" என்றார். சத்தியமாக எனக்கே ஞாபகம் இல்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

கெடு முடிந்தது. தொகையும் போயிற்று. தப்புப் பண்ணிட்டேனா?

மே 8, வியாழன்

ஆய்வாளர் போய், ஒயரை அவிழ்க்கும்வரை உருளையை இரண்டு நாள் நிறுத்திவிட்டாராம். இன்று புதிய கடிதம். தொகையில் கால்பங்கு குறைத்திருக்கிறார்கள். கவனக்குறைவு இல்லை, பேசமாட்டார் என்பதும் இல்லை. மூன்றாவது பத்தியில் முகவரி மாறினால் தெரிவிக்க வேண்டும் என்று ஏதோ இருக்கிறது.

பொய்யை எடுத்ததற்கு என்னிடமே விலை வாங்குகிறார்கள். வன்மம். இன்னும் போராடினால் கூடக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்கிறார் வக்கீலம்மா. இவர், "நீ என்ன சொல்றியோ அதுதான்" என்றார். இடுப்பில் கை வைத்துக்கொண்டே சொன்னார்.

ஜூன் 10, செவ்வாய்

கையெழுத்துப் போட்டேன். முதலில் நான்கு பக்கத்தையும் சத்தமாகப் படித்துவிட்டுத்தான். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும்.

ஜூன் 11, புதன்

சாயங்காலம் வேலை முடிந்து அந்தப் பெண் போன் செய்தாள். இன்று மட்டும் மெஷின் பதினோரு தடவை நின்றதாம். நிற்கும்போதெல்லாம் சூப்பர்வைசர் என்னைத்தான் திட்டுகிறாராம், பெயர் சொல்லி.

எத்தனை தடவை என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.