வாணி கட்டிய மலையும் ஒரு மொட்டை மாடியும்

முடிச்சூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள வாணிக்கு,

அம்மா எழுதுவது. சர்க்கரை மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டு அப்பாவும் நானும் சௌக்கியம், ஸ்வீடன் குளிரில் நீயும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். போனில் கேட்டால் நான் எல்லாவற்றையும் நல்லாருக்கு என்று சொல்லி வைத்துவிடுவேனாம், அதனால் உங்கள் கம்பெனியில் நீங்கள் செய்த வீடியோ விளையாட்டை ஆடிப் பார்த்து நிறை குறை இரண்டையும் காகிதத்தில் எழுதச் சொன்னாய். வெள்ளம் வரும் ஊரில் ஒரு மொட்டை மாடிக் காட்சி, அதில் சண்டையே இல்லை, வெட்டிவிடலாம் என்கிறார்கள், வைக்கவா வேண்டாமா என்றும் கேட்டாய். கேபிள்காரர் அரிகிருஷ்ணன் டிவியில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார், பன்னிரண்டு நாளாக எனக்குச் சமையல் பாதி, இது பாதி.

மலை தெரிந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதன்மேல் மேகம் கட்டி, காற்று முதலில் புல்லில் ஓடி, பிறகு மழை வருகிறது பார், நம் ஏரிப் பக்கம் வருவது போலவே இருந்தது. நம்ம பொண்ணு மலையே கட்டிக்கீறா என்று அப்பா பெருங்களத்தூர் அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னார். ஆறு, அருவி, பறவை என்று இல்லாத ஒரு நாட்டை என் வயிற்றில் பிறந்தவள் உண்டாக்கியிருக்கிறாள் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அந்த நாட்டில் மரியாதை தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையே. கூப்பிடாமல் எப்படி உள்ளே போவது என்று ஒரு வீட்டு வாசலில் இரண்டு நாள் நின்றிருக்கிறேன், கதவைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாமானை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அரிகிருஷ்ணன் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அதுவும் பூட்ஸ் காலோடு அடுப்பங்கரை வரைக்கும். குதிரை ஒரு வாய் புல் தின்னவில்லை. தமிழ் எழுத்துப் போட்டிருப்பது சௌகரியம்தான், ஆனால் எறும்பு மாதிரி இருக்கிறது. ஒரே ஓநாயிடம் பதினோரு தடவை செத்தேன், அத்தனை பட்டனுக்கு என் விரல் போதாது.

நேற்று அந்த மாடிக்குப் போய்ச் சேர்ந்தேன். சுற்றிலும் வெள்ளம், கொட்டுகிற மழை, ஒரு பெண் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவள் அம்மா திட்டுகிறாள். அரிசி மூட்டைய வுட்டுட்டு இதையா தூக்கினு வந்த, இது சோறு போடுமா என்று. 2015 டிசம்பரில் நம் வீட்டில் தண்ணீர் ஏறியபோது நீ கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடி வந்தாய், அக்கம்பக்கத்தார் முன்னால் நான் சொன்னதும் இதே வார்த்தைதான். நீ துப்பட்டாவை அதன்மேல் போர்த்திவிட்டு நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாய். அதைப் பற்றி நாம் இருவரும் பிறகு பேசியதே இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை வாணி, வெட்கமாக இருந்தது. அம்மா பக்கம் பேசலாம், இல்லையென்றால் நம் போர்வையை அந்தப் பெட்டிக்குக் கொடுக்கலாம் என்று திரையில் இரண்டு வழி காட்டியது. கொடுத்தால் குளிரில் பலம் பாதியாகும் என்றும் எழுத்து வந்தது. அத்தனையும் ஓநாய்க்குப் பயந்து பன்னிரண்டு நாள் சேர்த்த பலம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போர்வையைக் கொடுத்தேன்.

அந்த மாடியை வெட்ட விடாதே. அந்த அம்மாவின் பேச்சையும் மாற்றாதே, சொன்னது சொன்னதுதான். நீ நீண்ட ஆயுசோடு, தொட்டதெல்லாம் துலங்க நன்றாக இருக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வை. குதிரைக்குப் புல் போட மறந்துவிடாதே.

இப்படிக்கு,
பத்து வருஷம் கழித்துப் போர்வையோடு வந்த உன் அம்மா,
ஜெயக்கொடி