நம் வீட்டு மன்றாட்டு

பூசான், கொரியா
3 அக்டோபர் 2024

மார்க் அப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். போன் போடவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். போனில் நீங்கள் "ம்... ம்..." என்பீர்கள், நான் அழுவேன். அதனால் ஈமெயில்தான். நிச்சயம் ஆன புதிதில் ஜொகூரிலிருந்து பக்கம் பக்கமாக எழுதின கைதானே, இப்போதும் எழுதட்டும்.

இந்த ஊரில் சமதரையே கிடையாது. விடுதிக்குப் போவது தினமும் பத்துமலைப் படி ஏறுகிற மாதிரி. வகுப்பில் மணிலா பெண்கள், ஹனோய் பெண்கள், எல்லாரும் சின்னஞ்சிறுசுகள். வந்த அன்றே எனக்கு "ஆன்டி" பட்டம் கட்டிவிட்டார்கள். பக்கவாதம் வந்தவரைக் கட்டிலிலிருந்து எழுப்புவதுதான் முதல் பாடம். இத்தனை வருஷம் கிள்ளான் ஆஸ்பத்திரியில் நான் தூக்கி உட்கார வைத்தது எல்லாமே தப்பாம்! "தூக்காதே, இழுக்காதே, பக்கத்தில் நில், அவரே எழுந்திருக்கட்டும்" என்கிறார்கள். எனக்குக் கை துறுதுறுக்கிறது.

அறையில் இருப்பே கொள்ளவில்லை. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் மூச்சு முட்டுகிறது. நாற்பத்தாறு வயதில் எனக்கு எதற்கு இந்த மூன்று மாதப் படிப்பு? 15ஆம் தேதிக்குள் சொன்னால் விலகிக்கொள்ளலாமாம், ஆஸ்பத்திரியிலும் ஒன்றும் சொல்ல மாட்டார்களாம். நான் வந்துவிடட்டுமா? நீங்கள் சொல்லுங்கள்.

அதுவரை நான் இங்கே இருப்பது யாருக்கும் தெரிய வேண்டாம், உங்கள் அக்கா கெர்ட்ரூடுக்கும்கூட. முதலிலேயே சொன்னால் கண் பட்டுவிடும், பாதியில் திரும்பினால் மானம் போகும். இந்த மாதம் வீடு வீடாகப் போகும் மாதா சுரூபம் 11ஆம் தேதி ஜெபமாலைக்கு நம் வீட்டுக்கு வரும் முறை. பீடத்துக்கு வெள்ளைத் துணி, கேசரி, கச்சான் கடலை, கடைசியில் வீட்டுக்காரர் சொல்லும் மன்றாட்டு. இத்தனை வருஷம் நான்தானே சொன்னேன், இந்த முறை நீங்கள்.

ஷார்மைன்

•

கிள்ளான்
5 அக்டோபர்

மார்க் அம்மாவுக்கு,

இங்கு அனைவரும் நலம் என்று எழுதவேண்டும் என்பதால் எழுதுகிறேன். உன் மகனின் பள்ளிச் சட்டை ரோஸ் கலராகிவிட்டது. என் சிவப்பு டி-ஷர்ட்டோடு மெஷினில் போட்டது யார் என்ற விசாரணை நடக்கிறது. நான் வைத்த நெத்திலி சம்பலைச் சாப்பிட்டுவிட்டு அவன், "அப்பா, வெளிய தப்பாவ் பண்ணிக்கலாம் லா" என்றான். இப்போது தினமும் பொட்டலச் சோறுதான்.

துறைமுகத்தில் கண்டெய்னர்கள் மலை மாதிரி குவிந்திருக்கின்றன, வேலை ஓடுகிறது. வீட்டுக்கு வந்தால்தான் ஓடவில்லை. நீ டூட்டி முடிந்து வரும் நேரத்துக்கு ஏதாவது கார் சத்தம் கேட்டால் கேட் வரைக்கும் போய்விட்டு வருகிறேன். பக்கத்து வீட்டு நாய்கூட என்னைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டது.

வருவதா இருப்பதா என்று கேட்டிருந்தாய். அது உன் இஷ்டம்.

கேசரிக்கு ரவை எத்தனை கப்?

வாலண்டைன்

•

பூசான்
8 அக்டோபர்

மார்க் அப்பாவுக்கு,

என் இஷ்டமா? கல்யாணமான நாளிலிருந்து ஒரு திரைச்சீலை நிறத்தைக்கூட என் இஷ்டத்துக்கு விட்டதில்லை. கடல் தாண்டி வந்து, கண் கலங்கி, வரட்டுமா என்று கேட்டால் மட்டும் என் இஷ்டம்! உங்களுக்கு நான் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். பெண்கள் எல்லாரும் தலையில் வெள்ளை முக்காடு போட்டிருந்தார்கள், நான் மட்டும் வெறுந்தலை. பக்கத்திலிருந்த அம்மா பையிலிருந்து இன்னொன்றை எடுத்து என் தலையில் போட்டுவிட்டார். பூசை முடியும்வரை அழுதுகொண்டே இருந்தேன். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன்.

ரவை ஒரு கப், தண்ணீர் இரண்டரை. நெய்யில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஷார்மைன்

•

கிள்ளான்
12 அக்டோபர்

மார்க் அம்மாவுக்கு,

கோபப்படாமல் படி. முடிந்தால் உட்கார்ந்து படி.

நேற்று மாதா வந்தார். வீடு கொள்ளாத கூட்டம். கேசரியில் கரண்டியை நட்டால் நின்றது, அதனால் தெருமுனை மாமாக் கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் சொல்லிவிட்டேன். ஜெபமாலை நல்லபடியாக முடிந்தது. மன்றாட்டு நேரத்தில் உலக சமாதானத்துக்காகச் சொல்ல மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எழுந்து நின்றேன். நீ வழக்கமாக முழங்கால் போடும் இடத்தில் யாரோ பிள்ளை உட்கார்ந்திருந்தது. உலக சமாதானம் மறந்துபோய்விட்டது. "என் மனைவி ஷார்மைன் சீக்கிரம் என் வீட்டுக்குத் திரும்பி வரணும்னு மாதாகிட்ட மன்றாடுறேன்" என்று வாயில் வந்துவிட்டது.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லாரும் சத்தமாகச் சொன்னார்கள். அப்புறம்தான் எனக்கே உறைத்தது. நீ எங்கே போனாய் என்று யாருக்குமே தெரியாதே!

அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், "என்னடா பண்ணுன அவள? கைய நீட்டுனியா?" என்றாள். காலையில் நம் தெரு ஜெபக்குழு, அதுதான் அன்பியம், அதன் தலைவர் ஹென்றி அங்கிள் பெண்டாட்டியோடு வந்துவிட்டார். "பொம்பள கோவிச்சிட்டு போனா நாமதான் போய் கூப்பிடணும் லா, வாலண்டைன். ஈகோ பார்க்காத. வேணும்னா நானும் வரேன், சுங்கை பூலோலதான அவ அம்மா வீடு?" என்றார். தெரு முழுக்கக் கறி கொண்டுவந்து கொடுக்கிறது. பிரிட்ஜில் இடமில்லை. பெண்டாட்டியை விரட்டினவனுக்கு இவ்வளவு சாப்பாடு கிடைக்கும் என்று தெரியாமல் போயிற்று.

உனக்குக் கொடுத்த வாக்குக்காக வாயைத் திறக்கவில்லை. என்ன சொல்லட்டும், நீயே சொல்.

வாலண்டைன்

•

பூசான்
13 அக்டோபர்

மார்க் அப்பாவுக்கு,

நான் என்ன, ஓடிப்போனவளா? அடக் கடவுளே! அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்ததில் மணிலாப் பெண் கதவைத் தட்டி, ஆன்டிக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். இப்போது நான் பெட்டியோடு வந்து இறங்கினால், புருஷன் மன்றாடிக் கூட்டி வந்தவள் என்றுதான் சாகும்வரை பேர். கேசரி கிண்டத் தெரியாதவர் என் பேரைக் கிண்டி வைத்துவிட்டீர்கள்!

ஆனால் சிரித்து முடித்த பிறகு வயிறு எரிந்தது. நான் கேட்டபோது என் இஷ்டம். மாதாவிடம் மட்டும் திரும்பி வரணும். ஊர் கேட்க, சத்தமாக! எனக்கு ஒரு வரி எழுத உங்கள் கை தேய்ந்துவிடுமா? எது நிஜம்? நாளை மறுநாள் அலுவலகத்தில் என் முடிவைச் சொல்ல வேண்டும். அதற்குள் எழுதுங்கள். இனி வாக்கும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம், யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஷார்மைன்

•

கிள்ளான்
15 அக்டோபர், காலை

ஷார்மைனுக்கு,

நேற்று ஹென்றி அங்கிள் வீட்டு முறை. மன்றாட்டு வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும், தெரியும். இருந்தாலும் கையைத் தூக்கினேன். என் நிலைமை தெரிந்ததால் பாவம் பார்த்து விட்டார்கள்.

"மாதாவே, வெள்ளிக்கிழமை நான் கேட்டத வாபஸ் வாங்கிக்கிறேன். என் ஒய்ப் எங்கயும் ஓடிப்போகல. கொரியால படிக்கிறா. டிசம்பர்ல படிப்பு முடியும். அதுக்கு முன்னால அவ திரும்பி வந்துடாம பாத்துக்கோங்க" என்றேன். வாபஸ் வாங்கின மன்றாட்டுக்கு என்ன பதில் சொல்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லாரும் ஹென்றி அங்கிள் முகத்தைப் பார்த்தார்கள். அக்காதான் முதலில் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றாள். உடனே எல்லாரும் சொன்னார்கள். வெளியே வந்ததும் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, "வாய்ல கொழுக்கட்டையாடா வெச்சிருந்த?" என்றாள். இன்றைக்கு யாரும் கறி கொண்டுவரவில்லை.

எது நிஜம் என்று கேட்டாய். இரண்டும்தான். உன் முதல் கடிதம் வந்த அன்றே "வா" என்று பதில் எழுதிவிட்டேன். அந்த ஒரு எழுத்துதான். அனுப்பப் போகும்போது பயம் வந்துவிட்டது, அனுப்பினால் நீ உடனே வந்துவிடுவாய். அந்தப் படிப்புக்கு எத்தனை வருஷமாக மனு போட்டாய் என்று எனக்குத் தெரியாதா? அதனால் அழித்துவிட்டு உன் இஷ்டம் என்று எழுதினேன். தூக்காதே, இழுக்காதே, பக்கத்தில் நில் என்று உங்கள் வாத்தியார் சொன்னாராமே. இங்கிருந்து எப்படிப் பக்கத்தில் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ இல்லாமல் வீடு எனக்குப் பிடிக்கவில்லை. இருந்து முடித்துவிட்டு வா.

வாலண்டைன்

•

பூசான்
15 அக்டோபர், மாலை

என் வாலனுக்கு,

அலுவலகத்துக்குப் போகவில்லை. பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் அடுக்கிவிட்டேன். மார்க்குக்கு வெள்ளைச் சட்டை புதிதாக வாங்குங்கள், சிவப்பு டி-ஷர்ட்டைத் தூக்கிப் போடுங்கள்.

அழித்த அந்த "வா"வை டிசம்பரில் மறுபடி எழுதி அனுப்புங்கள். அது கைக்கு வராமல் நான் விமானம் ஏறப்போவதில்லை.

ஷார்மைன்